எயாக் மொழி 2008-இல் சாகவில்லை

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். 2008-இல் அலாஸ்காவில் 89 வயது மூதாட்டி ஒருவர் இறந்தபோது எயாக் என்ற மொழியும் அவரோடு இறந்துவிட்டது என்று படித்திருக்கிறீர்கள். ஒரே ஒருவரோடு ஒரு மொழி எப்படிச் சாகும்? அகராதியும் ஒலிப்பதிவும் இருக்கும்போது அதை அழிந்தது என்று எப்படிச் சொல்லலாம்? போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? கூடவே, எயாக் என்ற பெயருக்கு என்ன பொருள் என்றும் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தேதி. மேரி ஸ்மித் ஜோன்ஸ் 1918 மே 14 அன்று கோர்டோவா என்ற கடலோர ஊரில் பிறந்தார். 2008 ஜனவரி 21 அன்று ஆங்கரேஜ் நகரில் இறந்தார். எயாக்கைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசி ஆள் அவர்தான், அதில் சந்தேகம் இல்லை. அவருடைய எயாக் பெயருக்கு ‘தூரத்திலிருந்து மக்களைக் கூப்பிடும் ஒலி’ என்று பொருள். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உலகம் முழுக்க இரங்கல் கட்டுரைகள் வந்தன. ஆனால் மொழிக்கு இறப்புச் சான்றிதழ் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தால், அந்தத் தேதியை நான் போடமாட்டேன்.

பேச்சு என்றால் இரண்டு பேர் வேண்டும். மேரியின் அக்கா 1990-களின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் மேரியிடம் எயாக்கில் பேச்சுக் கொடுக்க இருந்தவர் மைக்கேல் கிராஸ் என்ற மொழியியலாளர் ஒருவர்தான். அவர் எயாக் இனத்தவரே அல்லர். இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். மேரி 1948-இல் ஓரிகானைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார மீனவரை மணந்தார். ஒன்பது குழந்தைகள். அவர்களில் ஒருவரும் எயாக் கற்கவில்லை. ஆங்கிலம் தவிர வேறெதையும் பேசுவது தவறு, கேவலம் என்று ஊரும் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. என் கணக்கில் எயாக் செத்தது அந்தத் தொட்டில்களின் ஓரத்தில்தான். 2008-இல் நடந்தது அதன் கருமாதி.

அதற்காக அந்தத் தாயைக் குறை சொல்லிவிடாதீர்கள். தான் வாங்கிய அடியைத் தன் பிள்ளையும் வாங்கக் கூடாது என்று எந்தத் தாயும் நினைப்பாள். அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்பதுதான் நீங்கள் கேட்ட ‘எப்படி’.

அலாஸ்காவின் தெற்குக் கரையில் காப்பர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெரிய கழிமுகம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டித்தான் எயாக் மக்கள் வாழ்ந்தார்கள். பக்கத்தில் உள்ள கோர்டோவாவுக்கு இன்றைக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது; படகில் போகவேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில். இப்படி ஒதுங்கிய இடத்தில் மொழி பத்திரமாக இருந்திருக்கும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. மேற்கே கடல் வேட்டையில் கைதேர்ந்த சுக்பியாக் மக்கள். கிழக்கே வணிகமும் செல்வாக்கும் மிகுந்த ட்லிங்கிட் மக்கள். நடுவில் எப்போதுமே எண்ணிக்கையில் சிறிய கூட்டமாக எயாக்குகள். வெள்ளைக்காரன் வந்து குடியேறுவதற்கு முன்பே கிழக்குப் பக்கத்து எயாக்குகள் ட்லிங்கிட்டோடு மணஉறவு வைத்து, ட்லிங்கிட் பேசத் தொடங்கி, ட்லிங்கிட்டாகவே ஆகிக்கொண்டிருந்தார்கள். யாகுடாட் வட்டாரம் அப்படித்தான் மொழி மாறியது. பூர்வகுடி மொழிகளை ஆங்கிலம் விழுங்கியது என்று ஒரே வரியில் கதையை முடிப்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. பூர்வகுடி மொழியும் பூர்வகுடி மொழியை விழுங்கும். ட்லிங்கிட்டை ஆங்கிலம் விழுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. மதுரையில் எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைப் பேசுகிறவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எயாக்கோடு ஒப்பிட்டால் பெருங்கடல். சென்ற மாதம் ஒரு மாலை என் அம்மா என் பையனிடம் சாப்பிட்டாயா என்று சௌராஷ்டிரத்தில் கேட்டார். “சாப்பிட்டுவிட்டேன் பாட்டி” என்று அவன் தமிழில் சொன்னான். என்ன குழம்பு என்று மறுபடி சௌராஷ்டிரத்தில் கேட்டார். மறுபடி தமிழில் பதில் வந்தது. மூன்றாவது கேள்வியை என் அம்மாவே தமிழில் கேட்டுவிட்டார். மாறியது அவருக்கே தெரியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு யாகுடாட்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ட்லிங்கிட்டின் இடத்தில் இருப்பது தமிழ். யாரும் யாரையும் அடிக்கவில்லை, தடை போடவில்லை. ‘புரியும், ஆனால் பேச வராது’ என்கிற ஒரு தலைமுறை வந்தால் போதும். அடுத்த தலைமுறைக்குப் புரியவும் செய்யாது.

எயாக்குகளுக்கு வந்தது இவ்வளவு சாதுவான அழிவு அல்ல. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கியது. 1889 வாக்கில் காப்பர் ஆற்றுக் கழிமுகத்துக்கு சால்மன் மீனை டின்னில் அடைக்கும் ஆலைகள் வந்தன. ஆற்றில் ஏறி வரும் சால்மன்தான் அந்த மக்களின் சோறு, சேமிப்பு எல்லாம். ஆலைக்காரர்கள் ஆற்று வாயிலேயே வலைபோட்டு அள்ளினார்கள். பிழைப்புப் போனது, ஆலைகளோடு சாராயமும் உடம்பு அறியாத நோய்களும் வந்து சேர்ந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சில டஜன் ஆட்களே மிஞ்சினார்கள். 1906-இல் உள்நாட்டுச் செம்புச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போடக் கோர்டோவாவில் வேலை தொடங்கியது. எயாக்குகளின் பழைய குடியிருப்பைச் சுற்றி ஒரு ரயில்வே ஊர் முளைத்தது. பள்ளிக்கூடங்களோ 1885 முதலே ஷெல்டன் ஜாக்சன் என்ற பாதிரியாரின் பொறுப்பில் இருந்தன. அலாஸ்காவின் கல்விப் பொறுப்பாளராக அரசு அவரை நியமித்திருந்தது. ஆங்கிலம் மட்டும் என்பது அவருடைய கொள்கை. மேரி பிறந்தபோது இதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. குழந்தையாக இருந்தபோதே அவர் கேட்டது ஓர் அந்திம மொழியைத்தான்.

இத்தனை சின்ன மொழி போனதில் என்ன பெரிய நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். மொழிக் குடும்பத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டத்தின் அளவு தெரியும். அத்தபாஸ்கன் என்று ஒரு பெரிய குழு இருக்கிறது. அலாஸ்காவின் உள்நாட்டிலிருந்து அரிசோனாவின் நவஹோ வரை ஏறத்தாழ நாற்பது மொழிகள். இந்த நாற்பதும் ஒரு தாயின் பிள்ளைகள் என்றால், எயாக் அந்தத் தாயின் தங்கை. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் இப்படி: தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, கோண்டி, பிராகுயி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தட்டில் வையுங்கள். எதிர்த்தட்டில் ஒரே ஒரு சின்ன மொழி உட்கார்ந்திருக்கிறது. திராவிடத்தின் மூதாதை மொழியைப் பற்றி அந்தச் சின்ன மொழி சொல்லக்கூடியதை மற்ற மொழிகள் எல்லாம் சேர்ந்தும் சொல்லமுடியாது. எயாக்கின் இடம் அது.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. சைபீரியாவில் யெனிசேய் ஆற்றங்கரையில் கெட் என்றொரு மொழி. மிகச் சில முதியவர்களே பேசுகிறார்கள். அதற்கும் அத்தபாஸ்கன், எயாக், ட்லிங்கிட் மொழிகளுக்கும் உறவு உண்டு, அதாவது பெரிங் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே மொழிக் குடும்பம் இருந்தது என்று எட்வர்ட் வாய்தா என்ற அறிஞர் வாதிட்டார். அதற்கென்றே அலாஸ்காவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. எப்போது தெரியுமா? 2008 பிப்ரவரியில், மேரி இறந்து ஐந்து வாரம் கழித்து. வாய்தாவின் வாதத்துக்கு எயாக் தரவுகள் முக்கியமான முட்டுக்கொடுத்தன. வாய்தாவின் முடிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்; சண்டை இன்னும் இருக்கிறது. ஆனால் எயாக்கை யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் சண்டை போடக்கூடச் சரக்கு இருந்திருக்காது.

எழுதி வைத்தவர் மேலே சொன்ன மைக்கேல் கிராஸ். அயர்லாந்தின் கேலிக் மொழியை ஆராய்ந்து ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதனால் சாகும் மொழி எப்படி இருக்கும் என்று முன்பே பார்த்தவர். 1960-இல் ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது பிரெஞ்சு வாத்தியாராக. வந்த இடத்தில் பிரெஞ்சைவிட அவசரமான வேலை காத்திருந்தது. அப்போது எயாக் பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஒவ்வொருவராகத் தேடிப் போய் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்து, அகராதி தொகுத்து, இலக்கணம் எழுதினார். கிட்டத்தட்ட அறுபது ஆண்டு வேலை. 2019-இல் இறக்கும்வரை அதை அவர் விடவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அகராதியில் என்ன இருக்கிறது? எயாக்கில் இலைக்கும் இறகுக்கும் ஒரே சொல். மரத்தில் முளைத்தாலும் பறவையில் முளைத்தாலும் அவர்களுக்கு அது ஒன்றுதான். உறைந்த நீர்ப்பரப்பில் பனிக்கட்டி இற்றுப்போய், கால் வைத்தால் உள்ளே போய்விடுகிற இடம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்கள். அங்கே நடந்தால் உயிர் போகும். ஓரமாகக் குந்தித் தூண்டில் போட்டால் மீன் கிடைக்கும். ஆபத்தையும் சோற்றையும் ஒன்றாகச் சொல்லும் சொல். வினைச்சொல் அமைப்பு இன்னும் வேடிக்கை. தமிழில் நாம் வால் பக்கம் கோத்துக்கொண்டே போவோம்: வந்து, வந்தவர், வந்தவர்களுக்கு, வந்தவர்களுக்கெல்லாம். எயாக் இதற்கு நேர் எதிராகத் தலைப் பக்கம் அடுக்குகிறது. யார், எவரை, எப்படிப்பட்ட பொருளை என்பதெல்லாம் முன்னொட்டுகளாக வரிசையில் நிற்க, வேர்ச்சொல் கடைசிப் பக்கம் வந்து சேரும். உதடு ஒட்டிப் பிரியும் ‘ப’ போன்ற வல்லொலிகளும் அதில் இல்லை. ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். எயாக் வாய்க்கு அது அந்நியம்.

கதைகளும் இருக்கின்றன. ஆன்னா நெல்சன் ஹாரி என்ற அம்மையார் யாகுடாட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனவர், 1982-இல் இறந்தார். என்னைக் கேட்டால் எயாக்கின் பெரும் கலைஞர் அவர்தான். மேரியின் புகழில் ஒரு பங்காவது இவருக்குக் கிடைத்திருக்கவேண்டும். ராட்சத எலி, ஏரிக்குள் வாழும் குள்ளர்கள் என்று அவர் சொன்ன கதைகளைக் கிராஸ் பதிவுசெய்து, மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அவற்றோடு, தன் இனம் அற்றுப்போவதைப் பற்றி அவர் சொன்ன புலம்பல் ஒன்றும் உண்டு. மாமன்மார் எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் எதற்கு மிஞ்சியிருக்கிறேன் என்ற பாங்கில் போகும். நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் போக்கு புதிதாகத் தோன்றாது.

ஆக, கையில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அத்தனையும் கேட்டவருக்குச் சொல்லப்பட்ட பதில்கள். கிராஸ் கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை. கதை இருக்கிறது; கதைக்கு நடுவில் குழந்தை ‘உம்’ கொட்டினால் பாட்டி எப்படி நிறுத்துவாள் என்பது இல்லை. வாய்த்தகராறில் வார்த்தை எப்படிக் குட்டையாகும், இரண்டு சிறுவர்கள் ரகசியம் பேச மொழியை எப்படித் திருகுவார்கள், நேற்றில்லாத ஒரு பொருளைப் பார்த்து இன்றைக்கு யார் முதலில் பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் போய்விட்டன. மாறுவதை நிறுத்திவிட்ட மொழியைத்தான் அழிந்தது என்கிறோம்.

அந்தமானில் நடந்ததும் இதுபோலத்தான். போ என்ற மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். பல ஆண்டுகளாக அவரிடம் அந்த மொழியில் பேச ஒருவரும் இல்லை, பறவைகளிடம் பேசுவாராம். மற்ற அந்தமானியரோடு பேச அவரே இந்தி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் அங்கே பதிவு செய்திருக்காவிட்டால் இவ்வளவும் தெரிந்திருக்காது. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பு அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெருந்தீவு அந்தமானியர், தட்டம்மையிலும் மேகநோயிலும் கரைந்து, கடைசியில் சில டஜன் பேராக ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே மீன் ஆலை, இங்கே கைதிகள் முகாம். மற்றபடி கதை ஒன்றுதான்.

உங்கள் கேள்வியில் ‘இரண்டு வாரத்துக்கு ஒரு மொழி சாகிறது’ என்று ஒரு கணக்கு இருந்தது. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அதை நம்பவேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் அழிநிலை மொழிகளைப் பட்டியலிட்டு எண்ணியபோது, சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒன்று என்றுதான் வந்தது. அதுவே போதுமான அளவுக்குக் கொடுமை, ஏற்றிச் சொல்லவேண்டியதில்லை. உண்மையில் பயப்படவேண்டிய எண் கிராஸ் 1992-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, குழந்தைகள் கற்கிறார்களா என்று அவர் கேட்டார். அலாஸ்காவின் 20 பூர்வகுடி மொழிகளில் அன்றைக்குக் குழந்தைகள் கற்றுக்கொண்டிருந்தவை இரண்டே இரண்டு. உலக அளவில் பத்தில் ஒன்றைத்தான் பயமில்லாத மொழி என்று அவரால் சொல்லமுடிந்தது. உயிரியலாளர்கள் உயிரினங்கள் அழியும்போது கூச்சல் போடுகிறார்கள், நாம் நம் துறையின் பெரும்பகுதி கண்ணெதிரே போவதை உணராமல் இருக்கிறோமே என்று சக மொழியியலாளர்களையே அதில் சாடினார்.

மீட்க முடியுமா? எளிதல்ல, ஆனால் நடந்திருக்கிறது. ஹவாயில் 1896-இல் பள்ளிகளிலிருந்து துரத்தப்பட்ட மொழி, 1980-களில் ஐம்பது குழந்தைகள்கூடப் பேசாத நிலைக்குப் போனது. சில பெற்றோர்கள் சேர்ந்து மழலையர் பள்ளி தொடங்கி, தாத்தா பாட்டிகளைக் கூட்டிவந்து உட்காரவைத்து, வாசல்படிக்கு உள்ளே ஆங்கிலம் கிடையாது என்றார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் 1982-இல் செய்ததைப் பார்த்துச் செய்தது. இன்று அந்த மொழியிலேயே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கூட்டிவர தாத்தா பாட்டி இருந்தார்கள். மாசச்சூசெட்ஸின் வாம்பனோவாக் மக்களுக்கு அதுவும் இல்லை. நூறு ஆண்டுக்கும் மேலாகப் பேச ஆளில்லாத மொழி. ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற பெண்மணி 1990-களில் எம்.ஐ.டி.யில் மொழியியல் படிக்கப் போனார். ஜான் எலியட் என்ற பாதிரியார் மதம் மாற்றுவதற்காக 1663-இல் அந்த மொழியில் அச்சிட்ட பைபிளையும் பழைய நிலப் பத்திரங்களையும் வைத்து அதைத் தூக்கி நிறுத்தினார். தன் மகளை அந்த மொழியிலேயே வளர்த்தார். பைபிளைக் கொண்டுவந்தவர்கள் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எயாக்குக்கு ஆள் வந்தது பிரான்ஸிலிருந்து. லெ ஹாவ்ர் துறைமுக நகரத்துப் பையன் கீயோம் லெதுயே பன்னிரண்டு வயது வாக்கில், தபாலில் வரவழைத்த ஒலிப்பதிவுகளையும் அச்சுப் பாடங்களையும் வைத்துத் தனியாக எயாக் கற்கத் தொடங்கினார். மேரியை அவர் சந்தித்ததே இல்லை. 2010-இல், 21 வயதில், அலாஸ்காவுக்கு வந்து கிராஸைச் சந்தித்தார். பிறகு எயாக் வழிவந்தவர்களுக்குக் கோர்டோவாவில் நடந்த வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார். பிரெஞ்சு சொல்லித்தர அலாஸ்காவுக்குப் போனவர் எயாக்கைக் காப்பாற்றினார்; பிரெஞ்சுக்காரப் பையன் ஒருவன் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான். 2014-இல் அலாஸ்கா தன் 20 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சி மொழிகளாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் எயாக்கும் இருக்கிறது. அந்த வகுப்புகளில் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் ‘அவாஅஹ்தா’ என்று நன்றி சொல்லிக்கொள்கிறார்கள். இதை மீட்சி என்று சொல்ல நான் அவசரப்படமாட்டேன். அவர்களில் யாராவது ஒருவர் தன் குழந்தையை எயாக்கில் திட்டும் நாள் வரட்டும், அப்போது சொல்கிறேன்.

இனி அந்தப் பெயர். எயாக் என்பது எயாக் சொல்லே அல்ல. மேற்குப் பக்கத்து சுக்பியாக் மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் அது. ஏரி நீர் குறுகி ஆறாக வெளியேறும் வாயை அவர்கள் தொண்டை என்பார்கள். அப்படியொரு தொண்டையில் இருந்த கிராமத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு மக்களுக்கும் மொழிக்கும் ஆனது. ஏரியும் ஆறும் கோர்டோவாவுக்குப் பக்கத்தில் இன்றும் அதே பெயரோடுதான் இருக்கின்றன. வரைபடத்தில் தேடினால் கிடைக்கும்.